விளக்கெரியும் படகு

புனிதாவைப் பிடிவாதக்காரி என்று சொல்லாத வாய் ஈப்போ பக்கத்துப் புந்தோங்கில் இல்லை. கோயிலில் சொல்வார்கள், சாப்பாட்டுக் கடையில் சொல்வார்கள், அவள் புருஷன் தர்மா ஓட்டும் தொழிற்சாலை பஸ்ஸில் ஏறுகிற பெண்கள்கூடச் சொல்வார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். பெற்ற பிள்ளை கடலுக்குப் போனவன் திரும்பவில்லை. உடம்பும் கிடைக்கவில்லை. "அவன் செத்துட்டான்னு ஒத்துக்கோ" என்று ஊரே வாசலில் வந்து நின்றால், எந்தத் தாய் சட்டென்று தலையாட்டுவாள்? ஒத்துக்கொண்டு கட்டிவிட்டு வர அது என்ன கரண்டு பில்லா?

பிள்ளை பெயர் தனேஷ். மெங்லெம்புவில் மோட்டார் பட்டறையில் வேலை. லீவு கிடைத்தால் போதும், தூண்டிலைத் தூக்கிக்கொண்டு கூட்டாளிகளோடு லூமுட் கடற்கரைப் பக்கம் ஓடிவிடுவான். இந்தக் கடல் பைத்தியம் அவனுக்கு எங்கிருந்து ஒட்டியது என்று யாருக்கும் தெரியாது. புனிதா பிறந்தது சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டத்தில். ரப்பரை அழித்துச் செம்பனை போட்டார்கள், பிறகு அதையும் அழித்து வரிசை வீடு கட்டி விற்றுவிட்டார்கள். சின்ன வயதில் அவள் பார்த்த பெரிய தண்ணீர், ஈயம் தோண்டிவிட்டுப் போன குட்டைதான். அதன் பக்கம் போனாலே அவள் அப்பா பிரம்பை எடுத்துவிடுவார். அப்படி வளர்ந்தவளுக்கு இப்படி ஒரு பிள்ளை.

நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை வாடகைப் படகு எடுத்துக்கொண்டு பங்கோர் தீவைத் தாண்டிப் போனார்கள். காற்று திரும்பிப் படகு கவிழ்ந்தது. கூடப் போன இரண்டு பேர் நீந்திக் கரையேறினார்கள். தனேஷ் ஏறவில்லை. கடல் போலீஸ் தேடியது, மீனவர்கள் தேடினார்கள், தர்மா லூமுட் படகுத்துறையிலேயே படுத்துக் கிடந்தார். கிடைத்தது அவனுடைய ஒரு கால் செருப்பு. அதையும் புனிதா, "இது அவன் செருப்பு இல்ல, அவன் வார் வச்சதுதான் போடுவான்" என்று சொல்லிவிட்டாள். அவனுடையதுதான் என்று அவன் தங்கச்சி ஷர்மினிக்குத் தெரியும். அவள் வாயைத் திறக்கவில்லை.

அன்றையிலிருந்து புனிதா கடல் பக்கம் போனதில்லை. டிவியில் கடல் வந்தால் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள்.

வீட்டில் தனேஷ் படம் டிவிக்கு மேலே இருந்தது. மோட்டார் சைக்கிளில் ஒரு காலை ஊன்றிக்கொண்டு சிரிக்கிற படம். மாலை கிடையாது, விளக்கு கிடையாது, பொட்டு கிடையவே கிடையாது. உயிரோடு இருக்கிறவன் படத்துக்குப் பொட்டு வைத்தால் ஆயுசு குறையும் என்பது தோட்டத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஒருமுறை தர்மா அந்தப் படத்தைப் பெரிதாக்கக் கொடுத்தார். கடைக்காரர் நல்ல எண்ணத்தில் கீழே ஒரு குத்துவிளக்கு வரைந்து, 'தோற்றம், மறைவு' என்று தேதியும் போட்டுக் கொடுத்துவிட்டார். புனிதா அதை எடுத்துக்கொண்டு நேரே கடைக்கே போய், "எம்புள்ள மறைஞ்சிட்டேன்னு ஒங்கிட்ட வந்து சொன்னானா?" என்று கேட்டு மேசைமேல் வைத்த வேகத்தில் கண்ணாடி விரிசல் விட்டது. அதற்குப் பிறகு அந்தப் பேச்சை யாரும் எடுப்பதில்லை.

இத்தனைக்கும் பொட்டுக்கும் அவனுக்கும் ஆகாது. பள்ளிக்கூடம் போகும்போது நெற்றியில் சந்தனம் வைத்து, "அழிச்சிராதடா" என்று சொல்லித்தான் அனுப்புவாள். அவன் தெருமுனை திரும்பியதும் சட்டைக் கையால் துடைத்துவிட்டுத்தான் மறு அடி வைப்பான். அவளுக்கும் அது தெரியும். இருந்தாலும் தினம் வைப்பாள், தினம் சொல்வாள்.

புனிதா வேலை செய்வது ஈப்போ பழைய டவுனில் ஒரு சின்ன ஹோட்டலில். அறைகளைத் துடைத்து, மெத்தை விரிப்பு மாற்றுகிற வேலை. அந்தக் கட்டடம் முதலாளி வயிரவன் செட்டியாரின் தாத்தா காலத்து வட்டிக்கடைக் கிட்டங்கி. மகள் திவ்யதர்ஷினி ஜப்பானில் படித்துவிட்டு வந்து, உளுத்துப்போன உத்தரத்தை மாற்றி, வெள்ளையடித்து, அதை ஹோட்டலாக்கினாள். தேளுக்கும் கரப்பானுக்கும் விட்டிருந்த இடத்தை மனிதர் படுக்கிற மாதிரி செய்துவிட்டாளே என்று செட்டியாருக்குப் பெருமை தாங்கவில்லை. அறைக்கு ஒரு படம் மாட்டினாள் அந்தப் பெண். எல்லாம் ஜப்பான் நாட்டுக் கடற்கரைகள். மரப்பலகையில் செதுக்கி, மையைத் தடவி, தாளை மேலே போட்டுக் கையால் தேய்த்தெடுத்த அச்சுப் படங்கள். நூறு வருஷத்துக்குக் கிட்டத்தில் ஆனவையாம்.

"வெயில் மட்டும் படக்கூடாதுக்கா. பட்டா நீலம் போயிரும். கெஸ்ட் போனதும் திரைய இழுத்து விட்டுருங்க" என்று முதல் நாளே சொல்லிவைத்தாள்.

அறைகளுக்கு எண் இருந்தது. வேலைக்காரப் பெண்களுக்கு எதற்கு எண்? குடை பிடித்த ஆள் துறைமுகத்தில் ஓடுகிற படம் இருந்தது மழை ரூம்பு. அலை ஓரத்தில் மரம் வளைந்து நிற்பது மரத்து ரூம்பு. கரையில் இழுத்துப் போட்ட படகுகள்மேல் பனி கொட்டியிருந்ததைப் பார்த்துவிட்டு, கூட வேலை செய்த கலாதேவி, "என்னாக்கா, எலவம் பஞ்சு வெடிச்சு இப்படிக் கொட்டிக் கெடக்கு" என்றாள். அதிலிருந்து அது பஞ்சு ரூம்பு. புனிதாவுக்குக் கடல் படமே ஆகாது. முதல் வாரம் எல்லா அறையிலும் சுவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் தூசி தட்டினாள்.

மாடிக் கோடியில் இருந்த அறையில்தான் மாட்டிக்கொண்டாள். விளக்கு ரூம்பு.

இரவு நேரக் கடல். வானமும் தண்ணீரும் ஒரே நீலம். மேலே போகப் போகக் கருத்துக்கொண்டே போகும் நீலம். நடுவில் பாய் விரித்த ஒரு படகு. உள்ளே ஒரு விளக்கு எரிகிறது. அந்த வெளிச்சம் தண்ணீரில் விழுந்து, துண்டு துண்டாக நெளிந்து, படத்தின் அடிவரைக்கும் வருகிறது. இடப் பக்கம் கரை, அதில் பொட்டுப் பொட்டாக வீட்டு வெளிச்சம். படகின் மூக்கு கரையைப் பார்த்து இருந்தது.

புனிதா கையிலிருந்த தலையணை உறையோடு அப்படியே நின்றுவிட்டாள். கடலைப் பார்த்தால் வருகிற நடுக்கம் அன்று வரவில்லை. படகின் மூக்கு கரையைப் பார்த்து இருக்கிறது, விளக்கு எரிகிறது. அப்படியென்றால் உள்ளே ஆள் இருக்கிறான். வீட்டுக்கு வந்துகொண்டிருக்கிறான். இதைவிட வேறென்ன வேண்டும்?

அவளுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று யாரும் முடிவு கட்ட வேண்டாம். அது தாள், மை, கண்ணாடி என்று அவளுக்கு நன்றாகவே தெரியும். சாமி படமும் தாள்தானே? அதன் முன்னால் நின்று மனிதர்கள் உருகுவதில்லையா? அவள் உருகக்கூட இல்லை. அறையைத் துடைத்து முடித்து, திரையை இழுக்குமுன் ஒரு நிமிஷம் நின்று, "மெதுவா வாடா. அவசரம் இல்ல" என்பாள். அவ்வளவுதான். வானத்தில் சன்னமான கோடுகள் தெரியும். மழை தூறுகிறது போலிருக்கிறது என்று கவலைப்படுவாள். பாயின் கீழ் மூலையில் ஒரு சின்னக் கிழிசல் உண்டு. "பாய் கிழிஞ்சிருக்கு பாரு, பாத்து வா" என்பாள். மாடி வேலையை யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டாள். காய்ச்சல் வந்தாலும் மாத்திரையைப் போட்டுக்கொண்டு வந்துவிடுவாள்.

இதைக் கலாதேவி கவனித்துக்கொண்டே இருந்திருக்கிறாள். நல்ல மனசு, ஆனால் யோசிக்காமல் எதையும் செய்துவிடுகிற மனசு. ஒரு வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போய்விட்டு நேரே வேலைக்கு வந்தவள், அக்காவுக்கு ஒரு சந்தோஷமாக இருக்கட்டும் என்று அந்தப் படத்துக்கு மல்லிகைச் சரத்தைச் சுற்றி, கண்ணாடியில், சரியாகப் படகுக்கு மேலே, ஒரு குங்குமப் பொட்டையும் வைத்துவிட்டாள்.

விரிப்புகளைச் சுமந்துகொண்டு உள்ளே வந்த புனிதாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. கையிலிருந்ததெல்லாம் தரையில் விழுந்தது.

"எவ வச்சா இது? நீயா வச்ச?"

"வெள்ளிக்கெழமையாச்சேன்னுதான்க்கா. நீங்க தெனம் கும்புடுறீங்களே..."

"நான் கும்புட்டத நீ பாத்தியா? எவன் செத்துட்டான்னு பொட்டு வச்ச? எவன் செத்துட்டான்னு மாலையப் போட்ட? ஒன் வீட்டுல வச்சுக்கோடி ஒன் பொட்டையும் பூவையும்!"

கண் கலங்கிவிட்டது கலாதேவிக்கு. தனேஷ் கதை அவளுக்கும் தெரியும். படகுக்கும் தனேஷுக்கும் முடிச்சு இருப்பது அந்த நொடியில்தான் புரிந்தது. "அய்யோ, தெரியாதுக்கா. சத்தியமா தெரியாதுலா" என்றாள். புனிதா காதில் போட்டுக்கொள்ளவில்லை. பூவைப் பிய்த்து எறிந்துவிட்டுக் கண்ணாடி துடைக்கிற தண்ணீரை அடித்து அடித்துத் துடைத்தாள். பொட்டு போய்விட்டது. ஆனால் கண்ணாடியும் சட்டமும் சேர்கிற இடுக்கில் துளி சிவப்பு இறங்கிவிட்டது. கொண்டை ஊசியை எடுத்துக் குடைந்து பார்த்தாள். வரவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமையே பாகான் செராயிலிருந்து ஆட்கள் வந்தார்கள். ஷர்மினிக்குப் பேசிவைத்திருந்த மாப்பிள்ளை யுகேந்திரனின் அம்மா மாரியம்மாவும் மாமாவும். யுகேந்திரன் நல்ல பையன், ஷர்மினி வேலை செய்கிற கிளினிக்குக்கு மருந்து கொண்டுவந்து போடுகிறவன். இரண்டு பேருக்கும் மனசு ஒத்துப்போய்த்தான் பெரியவர்கள் பேசியிருந்தார்கள். மாரியம்மாவும் கெட்டவள் இல்லை. சொல்ல வந்ததைச் சொல்ல முடியாமல் வீட்டு வயல் அரிசியை மூட்டையாகக் கொண்டுவந்து இறக்கிவிட்டு, தேநீரை ஆறவிட்டுக்கொண்டு, வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள்.

"தப்பா நெனைக்காதீங்க சம்மந்தி. ஆவணியில கல்யாணம்னு பேசுனோம். மூத்த புள்ளைக்குச் செய்ய வேண்டியது செய்யாம அப்படியே இருக்கு. அது முடியாம எப்படி மணவறை போடுறது? எங்க பக்கத்துல பெரியவங்க ஒத்துக்க மாட்டேங்கிறாங்க."

மாமா மெதுவாக எடுத்துக் கொடுத்தார். உடம்பு கிடைக்காதவர்களுக்கும் வழி இருக்கிறது. தர்ப்பைப் புல்லில் உருவம் செய்து, அதற்குச் செய்ய வேண்டியதைச் செய்து, கடலில் கரைத்துவிடலாம். ஆடி அமாவாசைக்குச் செய்தால் ஆவணி தடையில்லை. படத்துக்குப் பெற்றவள் கையால் பொட்டு வைத்தால்தான் தொடங்குவார்கள். தர்மா எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டே இருந்தார். எல்லோரும் புனிதாவைப் பார்த்தார்கள்.

"உசுரோட இருக்கிறவனுக்குக் கொள்ளி போடச் சொல்றீங்களா?" என்றாள் புனிதா.

முகத்தில் அடித்தாற்போல் இருந்தது வந்தவர்களுக்கு. மாரியம்மா எழுந்தாள். வாசலில் செருப்பை மாட்டும்போது ஷர்மினியின் கன்னத்தைத் தொட்டுவிட்டுப் போனாள்.

கார் தெருமுனை திரும்பியதும் ஷர்மினிதான் முதலில் பேசினாள். "அண்ணனுக்கு மட்டுமா நீ அம்மா? எனக்கும் நீதானேம்மா அம்மா?"

பதில் இல்லாதபோது புனிதாவுக்குக் கோபம்தான் வரும். "போகட்டும்லா. எம்புள்ளைய சாகடிச்சுட்டு வர்ற சம்மந்தம் எனக்கு வேணாம்."

தர்மா அதிகம் பேசாத ஆள். அன்று பேசினார். "நாலு வருஷமா நான் ஒருநாள் அழுதிருக்கேனா? அழுதா, 'எதுக்கு அழுவுற, அவன் என்ன செத்தா போயிட்டான்'னு நீ கேப்பேன்னு பயந்து பயந்தே இருக்கேன். எம்புள்ளைக்காக அழக்கூட எனக்கு இந்த வீட்டுல எடமில்ல புனிதா."

அவள் அவரைப் பார்த்தாள். இத்தனை வருஷம் கூடவே இருக்கிறவரை அன்றுதான் பார்க்கிற மாதிரி பார்த்தாள். மனுஷன் பாதியாக இளைத்துப் போயிருந்தார். ஆனாலும் வாய் பழைய பாட்டையே பாடியது. "ஆடி வர்ற வரைக்கும் இரு. வந்துருவான்" என்றாள்.

அந்த நாட்களில் விளக்கு ரூம்பில் அவள் நிற்கிற நேரம் கூடியது. "சீக்கிரம் வாடா" என்று சொல்ல ஆரம்பித்திருந்தாள். "மெதுவா வா" என்பதெல்லாம் போய்விட்டது. "தங்கச்சி கல்யாணம் நிக்குதுடா. அப்பா எளச்சுப் போயிட்டாருடா. ஆடிக்குள்ள வந்துரு." சில நாள் படகு முந்தினதைவிடக் கரைக்குக் கொஞ்சம் கிட்டத்தில் இருக்கிறது போலத் தோன்றும். கண்ணைக் கசக்கிவிட்டுப் பார்ப்பாள். ஆமாம், கொஞ்சம் கிட்டத்தில்தான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வாள். இடுக்கில் இருந்த சிவப்பைப் பார்க்காமல் இருக்கப் பழகிக்கொண்டாள்.

ஆனி முடிகிற சமயம். வேலைக்கு வந்ததும் திவ்யதர்ஷினி மாடியிலிருந்து கூப்பிட்டாள். குரலில் துள்ளல்.

"அக்கா, கைய நல்லாத் தொடச்சுட்டு வாங்க. ஜப்பான்லேர்ந்து பார்சல் வந்துருச்சு."

விளக்கு ரூம்பின் மெத்தைமேல் வெள்ளைத் துணி விரித்து, அதன்மேல் கண்ணாடி போட்ட மூன்று படங்களை வைத்திருந்தாள். இன்னும் ஒன்றின் காகிதத்தைப் பிரித்துக்கொண்டிருந்தாள். "இந்தப் பக்கம் பிடிங்கக்கா. எத்தனை வருஷமாத் தேடுனேன் தெரியுமா? இப்பதான் செட்டு முழுசாச்சு."

புனிதா ஒரு பக்கம் பிடித்தாள். காகிதம் விலகியது.

அதே படகு.

முதலில் அவளுக்குப் புரியவில்லை. சுவரில் இருந்ததைக் கழற்றிக் கீழே வைத்திருக்கிறார்களோ என்று திரும்பிப் பார்த்தாள். சுவரில் படகு இருந்தது. இங்கேயும் இருந்தது. ஆனால் இங்கே வானம் வெளிர் மஞ்சள். தண்ணீரில் பாயின் நிழல் பொன்னாகக் கிடந்தது. மெத்தைமேல் இருந்தவற்றைப் பார்த்தாள். ஒன்றில் எல்லாம் செம்மை ஏறிக் கிடந்தது. ஒன்றில் பளீரென்று வெளிச்சம், நீலக் கடல், வெள்ளைப் பாய். ஒன்றில் மூடுபனி, கரை மறைந்துபோய்ப் படகு மட்டும் சாம்பல் நிறத்தில் நின்றது.

"இது என்னா நேரம் மிஸ்?" என்று கையிலிருந்ததைக் காட்டிக் கேட்டாள்.

"விடிகாலைக்கா. அது மத்தியானம், இது சாயங்காலம். சொவத்துல இருக்கிறது ராத்திரி. இது பனி மூட்டம்."

விடிகாலை. அப்படியென்றால் ராத்திரி முடிந்துவிட்டது. புனிதா விடிகாலைப் படத்தைத் தூக்கிக்கொண்டுபோய், சுவரில் இருந்த இரவுப் படத்துக்குப் பக்கத்தில் பிடித்தாள். பாயின் கீழ் மூலையைத் தேடினாள். கிழிசல் இருந்தது. வானத்தைப் பார்த்தாள். மழை என்று நினைத்திருந்த அந்தச் சன்னக் கோடுகள் இங்கேயும் இருந்தன. அதே இடத்தில் வளைந்து, அதே இடத்தில் நெருங்கி. ஒரு கையால் படத்தை இடுப்பில் அணைத்துக்கொண்டு, தூசி தட்டுகிற துணியை நீளமாக முறுக்கி, இரவில் படகின் மூக்குக்கும் கரைக்கும் நடுவே இருந்த தூரத்தை அளந்தாள். விடிகாலையில் வைத்துப் பார்த்தாள். மத்தியானத்தில் வைத்தாள், சாயங்காலத்தில் வைத்தாள். நூல் பிசகவில்லை.

"என்னாக்கா அளக்குறீங்க?" திவ்யதர்ஷினிக்குச் சிரிப்பு வந்தது.

"படகு கரைக்கு வரலையா மிஸ்?"

"படகு எங்கக்கா போவும்? எல்லாம் ஒரே பலகைதானே. செதுக்குனது ஒரு தடவைதான். மைய மட்டும் மாத்தி மாத்தி அடிப்பாங்க. மஞ்சள் தடவுனா காலை, நீலம் தடவுனா ராத்திரி. வானத்துல கோடு தெரியுது பாத்தீங்களா? அது மரத்தோட ரேகை. அதுகூட மாறல பாருங்க. அதான் இதுல அழகே!"

அந்தப் பெண்ணைக் குற்றம் சொல்ல முடியாது. அவளுக்கு ஒன்றும் தெரியாது. தான் ஆசையாகத் தேடிப் பிடித்ததைக் காட்டிச் சந்தோஷப்படுகிறாள், அவ்வளவுதான். புனிதா விடிகாலைப் படத்தை மெத்தைமேல் பதமாக வைத்தாள். விடிந்தது, மத்தியானமானது, பொழுது சாய்ந்தது, திரும்பவும் இருட்டியது. வெளிச்சம்தான் மாறிக்கொண்டே இருந்திருக்கிறது. அவன் அங்கேயேதான் இருந்திருக்கிறான். கிட்டே வந்ததாக அவள் கண்டதெல்லாம் அவள் கண் கட்டிய கோட்டை.

அழுகை வரவில்லை. திவ்யதர்ஷினி படங்களோடு கீழே போன பிறகு விரிப்பை மாற்றினாள், துண்டுகளை மடித்து வைத்தாள், குளியலறையைக் கழுவினாள். திரையை இழுத்து விட்டாள். அன்று படத்தின் முன்னால் நிற்கவில்லை. படி இறங்கும்போது கலாதேவி எதிரே வந்தாள். அந்த வெள்ளிக்கிழமைக்குப் பிறகு அவள் புனிதாவின் முகத்தைப் பார்க்கவே பயந்துகொண்டிருந்தாள்.

"அன்னைக்கு ரொம்பத் திட்டிட்டேன்லா" என்றாள் புனிதா. "ஒம்மேல தப்பில்ல."

"அக்கா..."

"ஒண்ணுமில்ல. சாப்பிட்டியா?"

வீட்டுக்கு வந்தபோது தர்மா பஸ்ஸை வாசலில் நிறுத்திச் சக்கரத்துக்குத் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தார். புனிதா பக்கத்தில் போய் நின்றாள். தண்ணீர்க் குழாயை மூடினாள்.

"பாகான் செராய்க்குப் போன் போடு. ஆடி அமாவாசைக்குச் செஞ்சுரலாம்னு சொல்லு."

தர்மா நம்பாமல் பார்த்தார். "நெசமாவா சொல்ற?"

"அவன் வரல தர்மா. எத்தன தடவ விடிஞ்சாலும் வரமாட்டான்."

மனுஷன் பஸ் படியில் உட்கார்ந்தார். இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு ஓவென்று அழுதார். பக்கத்து வீட்டுக் கதவுகள் திறந்தன. ஷர்மினி உள்ளேயிருந்து ஓடி வந்தாள். புனிதா யாரையும் போகச் சொல்லவில்லை, எதுக்கு அழுவுற என்றும் கேட்கவில்லை. அவர் தலையைத் தன் வயிற்றோடு அணைத்துக்கொண்டு நின்றாள். நாலு வருஷத்து அழுகை, அது முடிகிறபடி முடியட்டும் என்று விட்டுவிட்டாள்.

ஆடி அமாவாசை அன்று சித்தியவானைத் தாண்டி, ஆறு கடலில் விழுகிற இடத்தில் மீனவர் வீடுகள் இருக்கும் ஒரு கம்பத்துக் கரைக்குப் போனார்கள். நிறையக் குடும்பங்கள் வந்திருந்தன. ஆளுக்கு ஒரு வாழையிலை, ஒரு செம்பு, ஒரு படம். புனிதா கடலைப் பார்த்து நாலு வருஷமாகிறது. இது அந்த நீலம் இல்லை. சேறு கலந்து மங்கிய தண்ணீர், டீசல் வாடை, காலுக்கடியில் மட்டிச் சிப்பிகள். ஐயர் தர்ப்பையில் உருவம் முடிந்து வாழையிலையில் வைத்தார். ஒரு முழம்கூட இல்லை. ஆறடிப் பிள்ளை. மாரியம்மாவும் வந்திருந்தாள். ஷர்மினியின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

நாற்காலியில் வைத்த படத்தில் தனேஷ் மோட்டாரோடு சிரித்துக்கொண்டிருந்தான். ஐயர் சந்தனக் கிண்ணத்தை நீட்டினார். "அம்மா, ஒங்க கையால வைங்க. வச்சா ஆரம்பிச்சுரலாம்."

புனிதா கையை நீட்டினாள். அப்போது ஆற்று வாயிலில் இயந்திரச் சத்தம் கேட்டது. கடலுக்குப் போயிருந்த மீன் படகு ஒன்று கரையைப் பார்த்து வந்துகொண்டிருந்தது. அது சுவரில் இருக்கிற படகு இல்லை. வந்தது. நிஜமாகவே, பார்க்கப் பார்க்கப் பெரிதாகிக்கொண்டே வந்தது.

"கொஞ்சம் இருங்க சாமி" என்றாள்.

ஐயர் தர்மாவைப் பார்த்தார். தர்மாவுக்குப் புரிந்தது. "இருக்கட்டும் சாமி" என்றார். அவரும் திரும்பி அந்தப் படகைத்தான் பார்த்தார்.

படகு பலகைத் துறையில் வந்து முட்டியது. முதலில் படகு முதலாளி சீனத் தௌக்கே இறங்கினார். பிறகு ஒருவன் கயிற்றோடு குதித்தான். இன்னும் இரண்டு பேர் ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். கடைசியாக ஒருவன், நெடுநெடுவென்று உயரம், வெயிலுக்குத் துண்டைத் தலையோடு முகத்தையும் மூடிக் கட்டியிருந்தான். அவன் துறையில் நின்று சோம்பல் முறித்துவிட்டு, துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தான். யாரோ ஒரு தாய் பெற்ற பிள்ளை. படகில் வேறு யாரும் இல்லை.

புனிதா திரும்பினாள். கிண்ணத்தில் விரலைத் தோய்த்து, கண்ணாடிமேல், பிள்ளையின் நெற்றி இருக்கிற இடத்தில், வட்டமாக, பள்ளிக்கூடத்துக்கு அனுப்பும்போது வைக்கிற மாதிரியே வைத்தாள்.

"அழிச்சிராதடா" என்றாள்.